கொசு ஒழிப்பு வேலையைச் சித்திரையிலேயே தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் புவி வெப்பமாவதைப் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. அதன் கடைசிப் பத்தியில், வெயில் கூடக்கூடக் கொசுவும் கூடும், டெங்குவும் மலேரியாவும் பெருகும் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அதே நாள் காலையில் எங்கள் தெரு டீக்கடையில் ஒரு பெரியவர், "இந்த வெயிலுக்குக் கொசு எங்க இருக்கப் போவுது, எல்லாம் செத்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் தென்மாவட்டங்களில் சுகாதார ஆய்வாளராக இருந்து, டார்ச் லைட்டும் கையுமாகத் தொட்டி தொட்டியாக எட்டிப் பார்த்தவன் நான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். முழுவதும் போட இடமில்லை என்றால், தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டுமாவது வெட்டாமல் போடுங்கள்.

முதலில் வெயில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டெங்குக் காய்ச்சல்காரரைக் கடித்த ஏடிஸ் கொசு அடுத்த நாளே நோயைப் பரப்பிவிட முடியாது. வைரஸ் அதன் வயிற்றில் பெருகி, உடம்பெல்லாம் பரவி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். அதுவரைக்கும் அந்தக் கொசு யாரைக் கடித்தாலும் தடிப்போடு போய்விடும். இந்தக் காத்திருப்பு எத்தனை நாள் என்பதைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், ஏனென்றால் கொசுவுக்கு நம்மைப் போல் உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று கிடையாது, அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் சூடுதான் அதன் சூடு. தாய்லாந்துக் கொசுக்களை வைத்துச் செய்து 1987-ல் வெளியான ஓர் ஆய்வில், 30 டிகிரியில் வைத்த கொசு நோயைப் பரப்ப 12 நாள் எடுத்துக்கொண்டது. 32 டிகிரியிலும் அதற்கு மேலும் வைத்த கொசுவுக்கு 7 நாளே போதுமாக இருந்தது.

ஐந்து நாள் குறைந்தால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கொசுவின் ஆயுசைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, தினமும் பத்தில் ஒரு கொசு செத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கொசு நோயாளியைக் கடித்திருந்தால் 12-ம் நாள் உயிரோடு இருப்பது 28 கொசு. 7-ம் நாள் என்றால் 48 கொசு. கொசுவின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை, ஆனால் நோயைக் கொடுக்கக்கூடிய கொசு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிட்டது. இரண்டு டிகிரி வித்தியாசத்துக்கு இவ்வளவு வலிமை இருக்கிறது. "கொசு கூடும்" என்று மட்டும் எழுதினால் இது வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

ஆனால் வெயில் ஏற ஏற இது ஏறிக்கொண்டே போகாது, டீக்கடைப் பெரியவர் சொன்னதில் உள்ள உண்மை அது. ரொம்பச் சூடானால் கொசுவே சீக்கிரம் செத்துப்போகும். ஏடிஸ் கொசு மூலம் டெங்கு பரவ மிகவும் தோதான வெப்பநிலை சுமார் 29 டிகிரி என்றும், 34, 35-ஐத் தாண்டினால் பரவுவது கிட்டத்தட்ட நின்றுவிடும் என்றும் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மலேரியாவுக்குத் தோதானது இன்னும் கொஞ்சம் குறைவு, 25 டிகிரி பக்கம். அதாவது ஒரே வெயில் ஏற்றம் ஓரிடத்தில் மலேரியாவைக் குறைத்து டெங்குவைக் கூட்டலாம். இதில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. வானிலை நிலையத்தில் 40 டிகிரி என்று அறிவிப்பது நிழலில், திறந்த வெளியில் எடுத்த அளவு. ஏடிஸ் வெளியில் நின்று வெயில் காய்வதில்லை. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், தொங்கவிட்ட துணிக்குள், குளியலறை மூலையில் உட்கார்ந்திருக்கும். அங்கே வெளியில் இருப்பதைவிடப் பல டிகிரி குறைவு. அதனால் அக்னி நட்சத்திரத்தில் கொசு செத்திருக்கும் என்று நம்பி யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம்.

வெயில்தான் எல்லை போடுகிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சாட்சி நீலகிரி. 1897 ஆகஸ்ட் 20-ம் தேதி செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தாரே ரொனால்ட் ராஸ், அவர் அதற்குச் சில மாதம் முன்பு ஊட்டிக்கு வந்திருந்தார். மேலே குளிரில் இருந்தவரை ஒன்றுமில்லை. மலேரியாவைத் தேடிச் சீகூர்ச் சரிவில் இறங்கிப் போனார், அவருக்கே மலேரியா வந்துவிட்டது. எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி, ஃபால்சிபாரம் மலேரியாக் கிருமி கொசுவுக்குள் முதிர 30 டிகிரியில் 8 நாள், 25-ல் 12 நாள், 20-ல் 28 நாள், 16-க்குக் கீழே போனால் முதிர்வதே இல்லை. 28 நாள் உயிரோடிருக்கும் கொசு அபூர்வம். எனவே குளிர்ந்த மலைக்கு அந்தக் குளிரே காவல். அந்தக் காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நேபாளம் இருக்கிறது. 2004-ல்தான் அங்கே முதன்முதலில் டெங்கு கண்டறியப்பட்டது. 2022-ல் 50,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது, 88 பேர் இறந்தார்கள், 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் காத்மாண்டுப் பள்ளத்தாக்கும் தப்பவில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் "நம்ம ஊர்ல கொசு ஏது" என்பதைக் கொஞ்சம் மறுபடி யோசிக்க வேண்டும்.

சரி, மலையை விடுங்கள். நான் வேலை பார்த்தது சமவெளியில். அங்கே மாதா மாதம் வெப்பநிலையை எடுத்துப் பார்த்தால், சென்னையில் தை மாதத்தில்கூடச் சராசரி வெப்பநிலை 25 டிகிரி அளவில் இருக்கிறது. டெங்கு பரவ அது தாராளமாகப் போதும். அதாவது தமிழ்நாட்டுச் சமவெளியில் வெயில் என்பது ஏற்கெனவே பற்ற வைத்த அடுப்பு. அதன் மேல் பாத்திரம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. பாத்திரம் என்று நான் சொல்வது பிளாஸ்டிக் டிரம், சிமெண்ட் தொட்டி, அண்டா, குடம் எல்லாவற்றையும்தான்.

2012-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் தமிழ்நாட்டில் அரசுக் கணக்கிலேயே 12,000-க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு, 66 உயிர்கள் போயின. பலருக்கு அது மழைக்கால நோய் என்று ஞாபகம். ஆனால் அது பெரிதாகப் பற்றியது அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கடையநல்லூரிலும் சுற்றுப்பட்டிலும், மே, ஜூன் மாதங்களில். ஐப்பசி மழை வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. கோடையின் தண்ணீர்த் தட்டுப்பாடும், மேற்கே சாரல் தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறும் நேரமும் அந்தப் பக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்து வரும். வேறு ஊரில் இருந்த எங்களையெல்லாம் அந்தப் பகுதி வேலைக்கு அனுப்பினார்கள். நான் போன தெருக்களில் தண்ணீர் பிடித்து வைக்காத வீடு ஒன்றுகூட இல்லை. வீட்டுக்குள்ளேயே சிமெண்ட் தொட்டி, அது போதாதென்று வாசலில் இரண்டு டிரம், பின்னால் அண்டா. டார்ச் அடித்தால் கொசுப் புழு துள்ளி உள்ளே இறங்கும்.

ஒரு வீட்டில் டிரம் முழுக்கப் புழு. கொட்டிவிடுங்கள் என்றேன். அந்த அம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றுகொண்டு, "கொட்டச் சொல்லுதீங்க சார், எட்டு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது, நாளைக்கு இந்தப் பிள்ளையக் குளிப்பாட்ட நீங்க கொண்டாந்து தருவீங்களா" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. சேலைத் துணியை மடித்துப் போட்டு, அந்தத் தண்ணீரை இன்னொரு டிரம்முக்கு வடிகட்டி ஊற்றி, காலி டிரம்மைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்தேன். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு நாளைக்கு எத்தனை வீடு இப்படிப் பார்க்க முடியும்? அபேட் மருந்து ஊற்றினால் புழு சாகும்தான், ஆனால் தண்ணீர் நாறுகிறது என்று நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் கொட்டிவிட்டுக் குடத்தைக் கழுவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

மழை இல்லாத வறட்சியே கொசு நோயைக் கொண்டுவரும் என்பது நம்ப முடியாத மாதிரி இருக்கும், ஆனால் பக்கத்திலேயே இலங்கையில் இது நடந்திருக்கிறது. 1934-ல் அங்கே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஆறுகள் வற்றி, மணலில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றது. ஓடும் தண்ணீரில் முட்டையிட முடியாத மலேரியாக் கொசுவுக்கு அந்தக் குட்டைகள் கொண்டாட்டமாகிவிட்டன. மலேரியாவுக்கு அதிகம் பழகாத ஈரமான பகுதியில் அது புகுந்து, 1934, 35-ல் சில மாதத்துக்குள் சுமார் 80,000 பேர் செத்தார்கள். அதே இலங்கை விடாமல் பாடுபட்டு 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். மறு வருஷமே, 2017-ல், டெங்குவில் 1,86,000 பேர் படுத்தார்கள். ஆற்றுக் குட்டைக் கொசுவை வென்ற நாட்டுக்கு வீட்டுப் பாத்திரக் கொசு வேறு ஒரு சண்டை. சிக்குன்குனியாவும் இப்படித்தான். 2006-ல் நம் ஊர்களில் நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போனோமே, அந்தப் பெருந்தொற்று 2004-ல் கென்யாவின் கடற்கரையில், லாமுவில், கடும் வறட்சியில் ஜனங்கள் வீட்டில் தண்ணீர் சேர்த்து வைத்த நேரத்தில் கிளம்பியது.

மழையும் அப்படியே, அளவைப் பொறுத்தது. புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் அந்த நகரத்து டெங்கு மரணங்களையும் வானிலையையும் ஒப்பிட்டு 2025-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 27 டிகிரிக்கு மேல் வெப்பம், 60 முதல் 78 சதவீதம் ஈரப்பதம், விட்டுவிட்டுப் பெய்யும் மிதமான மழை, இந்த மூன்றும் சேர்ந்தால் டெங்கு ஏறுகிறது. ஒரே வாரத்தில் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தால் குறைகிறது, ஏனென்றால் முட்டையையும் புழுவையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு தேங்காய்ச் சிரட்டையிலும் டயரிலும் மாடியில் கிடக்கும் பெயிண்ட் டப்பாவிலும் நிற்கிற தண்ணீர் வேறு கணக்கு, அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் தீர்ந்து டிரம் காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரியும். எனவே வெறுமனே கொட்டினால் போதாது, தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்துச் சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க நம் வெயிலுக்கு எட்டு, பத்து நாள். அந்தக் கொசு நோயாளியைக் கடித்து, வைரஸ் முதிர இன்னொரு வாரம், பத்து நாள். அது கடித்த ஆளுக்குக் காய்ச்சல் வர நான்கிலிருந்து பத்து நாள். பிறகு காய்ச்சல்காரர் மூன்று நாள் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்து, கேட்காமல், ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தப் பரிசோதனை செய்து, பட்டியலில் ஏறி எங்கள் கைக்கு வருகிறது. கூட்டிப் பாருங்கள், ஒரு மாதம் ஓடிவிட்டது. "இந்த வாரம் இத்தனை பேருக்கு டெங்கு" என்று நீங்கள் போடும் எண், ஒரு மாதத்துக்கு முந்தைய தண்ணீரின் கதை. அந்த எண்ணைப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்கினால் எப்போதும் ஒரு மாதம் பின்னால்தான் ஓடிக்கொண்டிருப்போம்.

ஆனால் அப்படித்தான் நடக்கிறது. நான் கடைசியாக வேலை பார்த்த ஊரின் பெயர் வேண்டாம். அங்கே வீடு வீடாகப் போய்ப் புழு பார்க்கும் டிபிசி பணியாளர்களை, பெரும்பாலும் பெண்கள், தினக்கூலிக்கு எடுத்திருந்தார்கள். மாசி பிறந்தால் காய்ச்சல் குறைந்துவிட்டது என்று பாதிப் பேரை நிறுத்திவிடுவார்கள். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் டிரம்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜனங்கள் அதிகமாகப் பிடித்து வைப்பதும் அந்த மூன்று மாதத்தில்தான். ஐப்பசியில் ஒரு பிள்ளை இறந்து, செய்தி வந்து, கூட்டம் கூடி, அதற்கப்புறம் ஆள் எடுப்பார்கள். புதிதாக வருகிற பெண்ணுக்கு எந்த வீட்டில் பின்கட்டுத் தொட்டி இருக்கிறது, எந்த வீட்டுக்காரர் கதவு திறக்கமாட்டார் என்பதெல்லாம் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருந்தவரை நிறுத்தி வைத்துவிட்டோம். பட்டியலில் வீட்டுக் குறியீடு என்று ஒன்று எழுதுவோம், நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்ற கணக்கு. சித்திரையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். நான் எழுதிக் கேட்டேன், இரண்டு வருஷம் கேட்டேன், நிதி இல்லை என்றார்கள்.

அதே நேரம் புகை மருந்துக்கு நிதி கிடைத்துவிடும். புகை அடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஜனங்களும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் புகை பட்ட கொசு மட்டும்தான் சாகும், புழுவுக்கு ஒன்றும் ஆகாது. வண்டிச் சத்தம் கேட்டதும் கதவை, ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம், ஏடிஸ் உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. நோய் வந்த வீட்டைச் சுற்றி, வீட்டுக்குள்ளேயும் அடித்தால் பலன் உண்டு, அதை மறுக்கவில்லை. தெருவோடு வண்டியை ஓட்டிப் போவதால் டெங்கு நிற்காது.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புழு பார்க்கும் பணியாளர்களை 12 மாதமும் வைத்துக்கொள்ளுங்கள், கோடையில்தான் அவர்கள் அதிகம் வேண்டும். வானிலைத் துறை தருகிற வாராந்திர வெப்பநிலை, மழை, ஈரப்பதக் கணக்கையும் எங்கள் வீட்டுக் குறியீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்த வார்டில் அடுத்த மாதம் காய்ச்சல் வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். அதற்கான அறிவு வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை, கொசு ஆராய்ச்சிக்கென்றே 1975 முதல் புதுச்சேரியில் ஒரு மத்திய நிறுவனம் இருக்கிறது. வானிலைக் கணக்கும் வீட்டுக் குறியீடும் இரண்டு அலுவலக மேஜையில் தனித்தனியாகக் கிடப்பதுதான் குறை. அப்புறம் குடிநீர். எட்டு நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு முறை என்று ஆக்கினால், அந்த ஊரில் டிரம் பாதியாகக் குறையும். குடிநீர் வாரியத்துக்காரரும் சுகாதாரத்துறைக்காரரும் கோடைக்கு முன் ஒரே மேஜையில் உட்கார்ந்து, எந்தெந்தத் தெருவுக்குத் தண்ணீர் தாமதமாகிறதோ அங்கே முதலில் புழு பார்க்கப் போகலாம் என்று பட்டியல் போட முடியும். செலவே இல்லாத வேலை இது. பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-ல் இருந்தே இருக்கிறது, வீட்டில் புழு இருந்தால் நோட்டீஸ் கொடுக்கலாம், அபராதம் போடலாம். நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் எட்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் கொடுத்துவிட்டு, பிடித்து வைத்ததற்கு அந்த அம்மாவிடம் போய் நோட்டீஸ் நீட்ட எனக்குக் கை வரவில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வானிலைப் பகுதியில் தினமும் அதிகபட்ச வெப்பநிலையைப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள், சதம் அடித்த ஊர்களைத் தனிப் பெட்டியில் போடுகிறீர்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை சனிக்கிழமை இதழில் அந்தப் பெட்டிக்குக் கீழே இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்: நாளை ஞாயிறு, டிரம்மைக் காலி செய்து உள்சுவரைத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வையுங்கள், நிரப்பிய பிறகு பழைய வேட்டித் துணியால் வாயை இறுக்கிக் கட்டுங்கள். மூடி போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலே கொசு போய்விடும், அதையும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் நாளிதழ் எங்கள் ஊரில் சலூன், டீக்கடை, ரேஷன் கடை எல்லா இடத்துக்கும் போகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்,
தென்காசி மாவட்டம்.